அம்மா சொன்ன ‘சரி’

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். வீட்டு நம்பரைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லியிருக்கும், பயப்படாதே, உபயோகத்தில் இல்லாதது நம்பர் மட்டும்தான்.

முதலில் என் மானம் போன கதை. வீட்டுப் போன் செத்துப்போனதும் வாசலுக்கு இறங்கி, செல்லுக்கு டவர் பிடித்துக் கம்பெனிக்குப் பேசினேன். இணைப்பு அம்மா பெயரில் இருக்கிறது, அவங்கதான் பேசணும் என்றாள் அந்தப் பெண். நானும் தொண்டையை இறுக்கிக்கொண்டு, ‘நான்தாம்மா பேசறேன்’ என்றேன் குயில் மாதிரி. ‘சார், போனை அம்மாகிட்ட குடுங்க’ என்றாள், சிரிக்கக்கூட இல்லை. கீழ்வீட்டு டெய்லர் கேட்டுவிட்டார், அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் ‘அக்கா, சௌக்கியமா’ என்கிறார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது ‘சரி’ என்ற ஒரு சொல்தான், பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைத் திட்டுவதும் அதிலேதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். ‘அதுக்கு எங்க ஸ்கிரீன்ல இடம் இல்ல சார்’ என்றாள். வேறு வழியில்லாமல் நானும் டெய்லரும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி, டவர் கிடைக்கும் வாசலுக்குக் கொண்டுபோனோம், எங்கள் கல்யாணத்தில்கூட இப்படி ஊர்வலம் போகவில்லை. போனைக் காதில் வைத்தேன். அம்மா ‘சரி, சரி, சரி’ என்றாள். ஆள் அடையாளம் பார்த்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று டெய்லருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், புத்திசாலி.

லைனைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆபீசுக்கே போனேன். கழுத்தில் அட்டை தொங்கிய மேலாளர் அந்தப் பேச்சின் பதிவைப் போட்டுக் காட்டினார். லைன் சரியாயிடுச்சாம்மா என்கிறாள் அந்தப் பெண், அம்மா, சரி. புகாரை முடிச்சிடலாமா, சரி. ரொம்ப நாளா இதுல நீங்க பேசவே இல்லையே, லைனை எடுத்துடலாமா, சரி. செத்த போனில் எப்படி ஐயா பேசுவது என்று கேட்டேன், அது வேற பிரிவு என்றார். எடுத்த நம்பர் திரும்பாதாம், கம்பி போன் புதிதாகக் கொடுப்பதும் இல்லையாம். யார் முடிவு இது என்றால், ‘சிஸ்டம் சார்’ என்றார். அவர் எந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறார், நானே பார்த்துப் பேசுகிறேன் என்றேன், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ‘அவங்க வாயாலேயே சம்மதம் குடுத்திருக்காங்க, வேற என்ன சார் வேணும் உங்களுக்கு’ என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படி இறங்குவதற்குள் எங்கள் சேவை திருப்தியா என்று செல்லில் மெசேஜ்.

உன் குரலைக் கேட்டால் மட்டும் அம்மா வாயில் ‘பா’ என்று இன்னொரு எழுத்து வரும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இனி ஞாயிறு என் செல்லுக்குக் கூப்பிடு, வாசலுக்குத் தூக்கிப் போகிறோம். ஆனால் தெருவில் நாலு பேர் பார்த்தால் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள், டெய்லருக்கும் இடுப்புப் பிடித்துவிட்டது, பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே, இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். லைன் எப்படிப் போனது என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில்கூடக் கேட்டுவிடாதே. நேற்று படுக்கையிலிருந்து போனைக் காட்டி, ‘சரி?’ என்று இழுத்துக் கேட்டாள், கண்ணில் தண்ணீர். கம்பெனிக்காரன் கட் பண்ணிட்டான் என்றேன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் ‘சரி’ சொன்னது அவள்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா