தூங்குகிறவர்களின் கணக்கு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நரம்பு நோய் என் நெஞ்சுத் தசையையும் படுக்கப் போட்டுவிட்டது. தொண்டையில் குழாய், அதனால் பேச்சில்லை. கை மட்டும் ஓடுகிறது. எழுதியதை நர்ஸ் படம் பிடித்து அனுப்புவார்.

ஊசி குத்தாமலே இரத்தத்தின் கரியமிலவாயுவைச் சொல்ல நீ உருவாக்கிய கணக்கைத்தான் இங்கே கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருக்கிறார்கள். வாயு குறைவு என்று அது சொல்ல, டாக்டர் மெஷின் தரும் மூச்சை நிமிடத்துக்குப் பதினாலிலிருந்து பதினொன்றாகக் குறைத்துவிட்டார். அதிலிருந்து மூச்சு முட்டுகிறது. இரத்தம் எடுத்துப் பார்க்கும்படி எழுதிக் காட்டினேன். “எதுக்கு வீணா குத்தணும்? உங்க அக்கா கணக்கு நாப்பத்தி நாலுன்னு சொல்லுது. நார்மல்தான்” என்றார். நீ ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் தம்பி

மார்ச் 5

செல்லத் தம்பிக்கு,

உன் திரையில் ஓடும் வரைபடம் எனக்கும் இங்கே வருகிறது. ஒரு குறையும் இல்லை. ஊசியைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவன் நீ. உன்னை நினைத்துத்தான் குத்தாமலே கண்டுபிடிக்க ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது நீயே ஊசி கேட்கிறாய். பயத்தில் அப்படித் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணா.

அக்கா

மார்ச் 6

அக்கா,

பயம் இல்லை என்று சொல்லவில்லை. பயம் வேறு, காற்று போதாமல் இருப்பது வேறு. கத்த முடியாது, எழுந்து ஓட முடியாது. கையை ஆட்டினால் பதற்றம் என்று குறித்துக்கொள்கிறார்கள். திரையில் உன் கோடு நிம்மதியாகப் போகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரே ஒரு ஊசி. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 8

தம்பி,

நேற்று நர்ஸ் சண்டை போட்டு இரத்தம் எடுக்க வைத்தாராம். டாக்டர் போனில் சொன்னார். நாற்பத்து நாலு இல்லை, ஐம்பத்தெட்டு.

உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். அதை உருவாக்க நான் எடுத்துக்கொண்ட அறுபது நோயாளிகளும் மருந்தில் தூங்கியவர்கள். தூங்கும் உடம்பு உண்டாக்கும் கரியமிலவாயுவின் அளவையே உனக்கும் வைத்துவிட்டேன். விழித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடுகிறவன் அதைவிட அதிகம் உண்டாக்குவான். எனக்குத் தெரியாததா இது? வெட்கமாக இருக்கிறது. கணக்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை வண்டியில் வருகிறேன். என்னை மன்னித்துவிடு.

அக்கா

மார்ச் 8, மாலை

அக்காவுக்கு,

மறுபடி பதினாலு வைத்துவிட்டார்கள். மூச்சு நன்றாக வருகிறது. கணக்கு தப்பியதில் எனக்குக் கோபமில்லை, சத்தியமாக. டாக்டர் நம்பாததும் பெரிதில்லை. அவருக்கு என்னை ஒன்பது நாளாகத்தான் தெரியும்.

நாளைக்கு வராதே. கொஞ்ச நாள் போகட்டும்.

தம்பி