கறுப்பு டோச்சுக்கு எண்பத்தேழு புள்ளி

2018 செப்டெம்பர் 18

பின்னேரம் மர்ஸூக் வந்து படலையடியில் நின்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு. உள்ளே வரச் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் மீனவர் சங்கத்தின் இருபத்தாறு போட்டுக்கும் அவசரகாலப் பை கொடுக்கப் போகிறது. கயிறு, விசில், மருந்து, தண்ணீர்ப் போத்தல், டோச். டோச் லைட் மட்டும் எது உப்புக் காற்றில் நின்று பிடிக்கும் என்று ஊரில் ஒருவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டுமாம்.

"எல்லாரும் சேர்ட பேரத்தான் சொன்னாங்க. சயன்ஸ் படிப்பிச்ச ஆள் நீங்கதானே."

"நீங்களும் சொன்னீங்களா?"

"நான் தலைவர். எல்லாரும் சொன்னா எனக்கும் சம்மதம்."

பதிலைப் பார்!

2012இல் நான் பாடசாலை அதிபராக வரவிருந்தபோது 'வெளியூர் ஆள் வேண்டாம்' என்று மனு போனது. நாற்பத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து இவனுடையது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவன் நான். இந்தக் கண்டக்குழிப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த பிறகும் வெளியூர். அந்த மனுவின் பிரதி அலுமாரியில் இருக்கிறது. இப்போது டோச் பார்க்க மட்டும் உள்ளூர்.

போகும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் டோச்சை எடுத்து மதிலில் வைத்தான். பெருவிரல் தடிப்பு. "பதினஞ்சு வருஷமா இந்தச் சாதிதான் பாவிக்கிறன். இதையும் ஒருக்காப் பாருங்க சேர்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

செப்டெம்பர் 21

புத்தளம் போய் மூன்று மாதிரி வாங்கி வந்தேன். கறுப்பு அலுமினியம், சார்ஜ் ஏற்றுவது, கைக்கு நல்ல பாரம். சிவப்பு ஒன்று, மூடி சரியாக இறுகவில்லை. தலையில் நாடாவோடு கட்டுவது ஒன்று. நாலாவது மர்ஸூக்கின் மஞ்சள்.

புதுக் கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். வெளிச்சத்தின் தூரம், விழுந்தால் தாங்குதல், உப்புத் தண்ணீர், எரியும் நேரம். கோடு போட்டுக் கனகாலம். கை சுகமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கம்.

செப்டெம்பர் 22

வாளியில் கடல் தண்ணீர், நாலும் உள்ளே. மஞ்சள் மிதக்கிறது. அமிழ்த்தி வைக்கக் கல் கட்ட வேண்டியிருந்தது. சனியன்.

செப்டெம்பர் 24

சிவப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. தலைநாடா ஒரு நனைச்சலுக்கே தளர்ந்தது. இரண்டும் வெளியே. மிச்சம் கறுப்பும் மஞ்சளும்.

செப்டெம்பர் 27

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டில், கடற்கரை. கறுப்பின் வெளிச்சம் இருநூறு அடிவைப்புக்கு அப்பால் நிறுத்தியிருந்த போட்டின் இலக்கத்தைக் காட்டியது. மஞ்சள் நாற்பதோடு களைத்துப்போனது. தண்ணீர்த் தாங்கியின் மேலிருந்து ஐந்து தரம் போட்டேன். கறுப்புக்குக் கீறல் மட்டும். மஞ்சளில் மெல்லிய வெடிப்பு. ஆனாலும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் கறுப்பு 79, மஞ்சள் 68. இடைவெளி போதாது என்று பட்டது. கடலில் தூரம்தானே முக்கியம்? தூரத்துக்கு இருபத்தைந்து புள்ளி வைத்திருந்ததை நாற்பது ஆக்கி மற்றவற்றைக் குறைத்தேன். கறுப்பு 87, மஞ்சள் 61.

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி பரீனா கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இஞ்சாருங்க, நீங்க டோச்சையா பாக்கிறீங்க, மர்ஸூக் நானாவையா?"

"ஒனக்கு வெளங்காது."

"ஓம், எனக்கு வெளங்காதுதான். கூட்டிக் கழிக்க மட்டும் தெரியும்."

மனுசிக்கு வாய் கூடிப்போச்சு.

ஒக்டோபர் 5

வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சங்கக் கூட்டம். கொப்பியை விரித்து வாசித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. கறுப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பஸ்தியான் அதை உருட்டி உருட்டிப் பார்த்தான். முப்பது வருடம் கடலுக்குப் போகிறவன். பிறகு தன்னோடு போட்டில் போகும் அஸ்மியைப் பார்த்தான். மர்ஸூக்கின் மருமகன் அஸ்மி கூரையைப் பார்த்தான்.

"என்ன பஸ்தியான், ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சேர் சொன்னாச் சரிதான்."

மர்ஸூக், "மஞ்சளுக்கு என்ன குறை சேர்?" என்றான். "இருபத்தாறு புள்ளி குறை" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுருங்கியது.

நல்ல நித்திரை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஒக்டோபர் 20

பைகள் வந்துவிட்டன. செம்மஞ்சள் நிறம். என் கையாலேயே இருபத்தாறு கறுப்பு டோச்சையும் உள்ளே வைத்தேன். போட்டோ எடுத்தார்கள். மர்ஸூக்குக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். ஓரமாக நின்றேன்.

ஒக்டோபர் 30

மன்னாரை விட்டு வந்து இருபத்தெட்டு வருடம். எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 14

மழை. பஸ்தியானும் அஸ்மியும் நேற்றுப் பின்னேரம் வலையோடு போனவர்கள், விடிய வந்திருக்க வேண்டும். மத்தியானம், லுஹர் தொழுகை நேரம் ஆகியும் வரவில்லை. போன் இரண்டும் வேலை செய்யவில்லை.

கரைக்குப் போனேன். பஸ்தியானின் மனைவி மாக்கிறட் குடை பிடிக்காமல் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"சேர், நீங்க குடுத்த லைட் நல்ல தூரம் அடிக்கும் எண்டு அவர் சொன்னவர். கப்பல் போனா அவங்களுக்குத் தெரியும்தானே சேர்?"

"ஓம், தெரியும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

இருநூறு அடிவைப்பு. அந்தக் கடலுக்கு முன்னால் இருநூறு அடிவைப்பை எப்படிச் சொல்வது? "நல்ல தூரம்" என்றேன்.

மர்ஸூக்கும் அங்கே நின்றான். நாலு போட்டைத் தேட அனுப்பியிருந்தான். அவன் மகள், அஸ்மியின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி, வீட்டில் மயங்கி விழுந்துவிட்டாளாம். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.

நவம்பர் 15, காலை

இன்னும் இல்லை.

அந்த டோச் சரியாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர் போகாது. உடையாது. நான்தானே பார்த்தேன். எஞ்சினோ காத்தோ எதுவாகவும் இருக்கலாம். எல்லாத்துக்கும் நான்தானா காரணம்?

அந்தப் பதினைந்து புள்ளி. அதை ஏன் கூட்டினேன்?

நவம்பர் 15, இரவு

அல்ஹம்துலில்லாஹ். சிலாபத்துக்கு நேரே ஒரு போட் கண்டு இழுத்து வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது.

நவம்பர் 17

பஸ்தியான் வீட்டுக்குப் போனேன். பாயில் சுவரோடு சாய்ந்திருந்தான். உதடு உப்பில் வெடித்திருந்தது. அஸ்மியும் பார்க்க வந்திருந்தான். அவனுக்கு முன்பல் பாதி உடைந்து, மேலுதடு வீங்கிக் கிடந்தது. எப்படி என்று கேட்டேன். பஸ்தியான்தான் சொன்னான்.

விடிய மூன்று மணிபோல எஞ்சின் நின்றிருக்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் பத்து நிமிட வேலை. எத்தனையோ தரம் செய்தது.

"ஒரு ஆள் துடுப்பப் பிடிச்சு போட்டை அலைக்கு நேர வெச்சிருக்கோணும் சேர். விட்டா குறுக்க திரும்பிப் பிரட்டிப்போடும். மத்தவனுக்கு எஞ்சினுக்கு ரெண்டு கையும் வேணும். அப்ப லைட்ட ஆர் பிடிக்கிற?"

"ஆர்?"

"வாயிலதான். பல்லால கடிச்சுக்கொண்டுதான் நாங்க வேலை செய்யிற. அப்பா காலத்திலயும் அப்பிடித்தான். புதுசு பையில இருக்கெண்டு பழச வீட்டில வெச்சிட்டுப் போயிட்டம். இந்தக் கறுப்பு தடிப்பு, இரும்பு மாதிரிப் பாரம், அதோட வழுக்குது. இவன் கடிச்சுப் பாத்தான். ஒரு அலை தூக்கிப் போட்டிச்சு. பல்லும் போச்சு, லைட்டும் போச்சு."

அஸ்மி வீங்கின வாயோடு சொன்னான்: "கீழ போகப் போகவும் எரிஞ்சிச்சு சேர். அடி வரைக்கும் தெரிஞ்சிச்சு. நல்ல லைட்தான்."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இருட்டில் தடவிப் பூட்டப் போய் பிளக் கை தவறிக் கடலுக்குள் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நீரோட்டம்.

"அப்ப ஏன்டாப்பா கூட்டத்தில சொல்லல்ல? நான் ஒன்னட்டக் கேட்டன்தானே?"

"சேர் கொப்பிய விரிச்சு வெச்சுக்கொண்டு புள்ளி புள்ளியா வாசிச்சீங்க. அதுக்கு நடுவில எழும்பி, இது வாய்க்குள்ள போகாது எண்டு எப்பிடிச் சொல்ற? பெரிய படிப்புப் படிச்ச ஆளுக்கு முன்னால சிரிப்பாப் போயிடும் எண்டு நெனச்சன்."

இந்த ஊர் என்னை மதிக்கவில்லை என்று ஆறு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மதித்ததால் வாயைத் திறக்காமல் இருந்தவன் கடலில் செத்திருப்பான்.

எழும்பும்போது மாக்கிறட் தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்றாள். குடித்தேன்.

நவம்பர் 18

நான் குற்றவாளி இல்லை. அவர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால், கேட்டால் சொல்லக்கூடிய விதமாக நான் கேட்டேனா? ஒரு கிழமை வாளியிலும் தாங்கியிலும் போட்டுப் பார்த்தவன், ஒரு நாள் ஒரு போட்டுக்குப் பக்கத்தில் போய், "இதை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் திரும்பச் செய் என்று கொப்பியை எறிந்திருப்பேன்.

நவம்பர் 20

மர்ஸூக்கும் கடலுக்குப் போகிறவன். அவனுக்கும் தெரிந்துதானே இருக்கும்? அவன் ஏன் சொல்லவில்லை? வேண்டுமென்றே என்னை விழுத்தவா? காலையிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

பரீனா: "அவர் மஞ்சளுக்கு என்ன குறை எண்டு கேட்டவர்தானே. நீங்க ஆக்களச் சிரிக்க வெச்சீங்க."

நவம்பர் 23

சங்கக் கூட்டம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. நான் எழும்பி நின்றேன். கொப்பி கொண்டுபோகவில்லை.

முதலில் சரியான தமிழில்தான் தொடங்கினேன், 'பரிசோதனையில் ஒரு குறைபாடு' என்று. பஸ்தியான் பின்வரிசை வாங்கில் இருந்தான். அவன் உதட்டைப் பார்த்ததும் அந்தத் தமிழ் போய்விட்டது.

"நான் டோச்சுக்குப் புள்ளி போடல்ல. மர்ஸூக்குக்குப் போட்டன். அவர் மஞ்சள் எண்டு சொன்னதால கறுப்புக்குப் பதினஞ்சு புள்ளிக்கு வழி பண்ணினன். பிழை என்னோடது."

மர்ஸூக் மேசையில் கிடந்த பேனையை நேராக்கினான். அவன் முறை வந்துவிட்டது, இனிக் கிழிப்பான் என்று நின்றேன்.

"எனக்கும் தெரியும், அது வாயில நிக்காதெண்டு" என்றான். "சேர் அண்டைக்குப் பேசின பேச்சில கோவம் வந்திச்சு. கெடக்கட்டும், படிச்சவர் படட்டும் எண்டு இருந்திட்டன். என்ட மருமகன்தான் போட்டில போறான் எண்டதை மறந்துபோனன்."

பிறகு, யாரையும் பார்க்காமல்: "திரும்ப ஒருக்காப் பாக்கலாம். சேரே பாக்கட்டும்."

பின்னாலிருந்து யாரோ, "இந்த முறை பல்லு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வாங்க சேர்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது.

மனுவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பொய் எழுத இந்தக் கொப்பி எதற்கு?

டிசம்பர் 2

காலை ஏழு மணி தொடங்கிப் பத்தரை வரை கடற்கரையில் மீன்வாடிக் கொட்டிலுக்குள் இருந்தேன். ஆறு மாதிரி, ஒரு போத்தல் டெட்டோல், ஒரு துவாய். ஒவ்வொருவராக வந்து கடித்துப் பார்த்தார்கள். நான் பேசவில்லை. கேட்டதை எழுதினேன்.

"இது மெலிசு, ஆனா ஸ்விச் பின்னால. கடிச்சிருக்கக்குள்ள எப்பிடிப் போடுற?"

"பச்சை நல்லம் சேர், றப்பர் சுத்தியிருக்கிறபடியா பல்லு வழுக்காது."

"சார்ஜ் வேணாம். கரண்ட் இல்லாட்டி என்ன செய்யிற? கடையில வாங்கிற பற்றரி போதும்."

"மிதக்கோணும். விழுந்தாலும் எட்டி எடுக்கலாம்." இதைச் சொன்னது அஸ்மி.

"அவனுக்கு எது குடுத்தாலும் போட்டிடுவான், கழுத்தில கட்டி விடுங்க." இது பஸ்தியான்.

பச்சைக்குப் பத்தொன்பது பேர். அதன் வெளிச்சம் எழுபது அடிவைப்புத்தான். அது போதுமா என்று கேட்டேன். எஞ்சினுக்கும் வாய்க்கும் இடையில் ஒரு முழம்தானே சேர் என்றார்கள்.

எல்லாரும் போன பிறகு மர்ஸூக் வந்தான். பச்சையை எடுத்தான், வாயருகே கொண்டுபோனான், திரும்ப வைத்தான். வாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"சேர், எனக்கு முன்னால நாலும் கட்டின பல்லு. போன வருஷந்தான் கட்டின. வீட்டில மட்டுந்தான் தெரியும். கடிச்சா கழண்டிரும்."

"அப்ப இப்ப எப்பிடிச் சமாளிக்கிறீங்க?"

"கடவாயிலதான், மஞ்சள் சின்னனெண்டபடியா. பச்சை கொஞ்சம் தடிப்பு."

ஆறு வருடமாக அவனைப் பற்றிச் சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று அலைந்தவன் நான். பேனையை மூடி வைத்துவிட்டு, தலைநாடாவைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு வகை இருக்கிறது, நாடா உக்கினால் வேறு போடலாம் என்றேன். "அது சரிவரும்" என்றான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனான்.

வீட்டில் பரீனா, "அவர் என்னவாம், கனநேரம் கதைச்சீங்களாமே?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல. நாடாவப் பத்தி."

பட்டியலை எழுதி முடித்தேன். பச்சை, இருபத்தைந்து. நாடாவோடு, ஒன்று. யாருக்கென்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.