சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மெஷின்

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவை மூச்சுத் திணற வைக்கும் ஜெனரேட்டரை எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தது நீதான். இதை முதலில் சொல்லாமல் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எங்கே வைத்தால் லாபம் என்று கணக்குப் போடுவதுதான் உன் வேலை என்று போனில் விளக்கினாய். சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் டிவியும் ஃபேனும் ஓடும்போது மின்சாரச் சந்தையில் விலை ஏறும், அந்த நேரம் மட்டும் சின்ன மெஷினை ஓட்டி விற்றால் நல்ல காசு, அதுவும் மின்கம்பி முடிந்து கரண்ட் குறைவாக வருகிற கடைசித் தெருவில் வைத்தால் இன்னும் நல்ல விலை என்றாய். கடைசித் தெரு நம் தெரு. சலவைக்கடை இருந்த காலி மனை மலிவு. மலிவு என்றால் என்னடி அர்த்தம், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை என்றுதானே? மேட்டுத் தெரு பங்களாக்காரர்களும் சாயங்காலம்தான் ஏசி போடுகிறார்கள், அவர்கள் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் வைத்தால் உன் கணக்கு தப்பிவிடுமா? விளக்கு இப்போது மங்குவதில்லை, பொய் சொல்ல மாட்டேன். பளிச்சென்ற வெளிச்சத்தில் உட்கார்ந்து அப்பா இருமுவதைப் பார்க்கிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. சம்மதக் கையெழுத்து வாங்க உன் கம்பெனி ஆள் வந்தபோது தெருவில் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. அப்பாதான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவனை வீடு வீடாகக் கூட்டிப் போனார். நம்ம பொண்ணு பாத்து வைக்கிறது, கெடுதல் வருமா என்று கேட்டுக் கேட்டே எல்லோரையும் போட வைத்தார். இப்போது மெஷினை எடுக்கச் சொல்லி எதிர்வீட்டு மெக்கானிக்கின் மனைவி மனு கொண்டுவந்தாள். அவள் கைக்குழந்தைக்கும் இழுப்பு. பெரியப்பா, நீங்க சொன்னீங்கன்னுதானே அன்னிக்குப் போட்டோம், எங்களுக்காக ஒரு கையெழுத்துப் போட மாட்டீங்களா என்றாள். மனையை ஒட்டிய வீட்டுக்காரர் போடாவிட்டால் மனு செல்லாதாம். அந்த வீடு நம்முடையதுதான், அப்பா பேரில் இருக்கிறது, நான் போட்டுப் பயனில்லை. போட்டா பொண்ணு வேலை போயிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து முடிவெட்டுகிற கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகிறது. வீட்டை விட்டே வெளியே போவதில்லை இப்போது.

புகை படாத இடத்துக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். எங்கே போவது? மெஷின் உறுமத் தொடங்கியதும் அப்பா சன்னலைச் சாத்திவிட்டு, பொண்ணு வேலைக்கு வந்துட்டா என்று சிரிக்கிறார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடுகிறது.

எடுக்கச் சொல் என்று போன கடிதத்திலேயே கேட்டேன். நீ அப்பாவின் சட்டை அளவு கேட்டு எழுதினாய். சட்டை வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வயிற்றைக் காயப் போடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். விலை ஏறுகிற ஒரு சாயங்காலம் வந்து அப்பா பக்கத்தில் உட்கார். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல், அதை எடுக்கச் சொல்வாயா, மாட்டாயா?

உன் அம்மா