என் கையும் துண்டை எடுத்தது

ஈரக் கையோடு என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்ட என் அப்பாவுக்கு,

நான் பினாங்குக்குத் திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களுக்கு இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா வரட்டும், வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அம்மா வந்துவிட்டாள். இருபது நாளாகிறது. இதோ வெளியே, கொடியில் ஆடும் துரைமார் சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு காத்தான் மாமாவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நீலத்தை இப்படியா கொட்டுறது? சட்டை மயிலு கணக்கா நிக்குதுண்ணே!"

"துரைக்கு மயிலு பிடிக்கும் தங்கச்சி. நீ பேசாம கஞ்சியைக் காய்ச்சு."

உங்கள் பக்கத்துக் கல்லில் இருபது வருஷம் துவைத்த அதே காத்தான் மாமாதான். பல் நாலு போய்விட்டது. வாய் போகவில்லை.

நம் வண்ணாந்துறை அப்படியே இருக்கிறது. ஆயர் ஈத்தாம் ஆறு மழைக்குப் பிறகு செம்மண்ணாக வருகிறது. தெளியும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வானத்தைத் திட்டுகிறோம். டிராம் வண்டி ஓடுகிறது. உங்கள் கல் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதில்தான் துவைக்கிறேன்.

நான் பிறந்தது இந்த ஆற்றங்கரையில். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, "ஊருக்குத் திரும்புறோம்" என்று நீங்கள் சொன்னீர்கள். கண்ணால் பார்க்காத ஓர் இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று அன்றைக்கே உங்களிடம் கேட்டேன். சிரித்தீர்கள். "வந்து பாரு, அப்புறம் பேசு" என்றீர்கள். பார்த்தேன் அப்பா. பத்து வருஷம் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கிடங்குத் தெருவில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினீர்கள். தோல் செருப்பு, மேலே வார் வைத்தது. நாகப்பட்டினத்தில் இறங்கியதிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு கறுக் கறுக்கென்று நடந்தீர்கள். நான் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடந்தேன். ஊர் எல்லை வந்தது. மேலத்தெரு முனையில் ஓர் ஆள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் நின்றீர்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினீர்கள். பிறகு நடந்தீர்கள். சத்தம் இல்லை.

அந்தச் செருப்பு அதற்கப்புறம் கூரையில் செருகிய இடத்திலேயே இருந்தது.

இங்கே துணிக்குக் கூலி வாங்கினோம். அங்கே துணிக்குச் சோறு. அதுவும் மிஞ்சிய சோறு. சாயங்காலமானால் அம்மா ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பின்பக்கம் போய் நிற்பாள். புளிக்குழம்பும் மோர்ச்சோறும் கீரையும் ஒரே சட்டியில் விழும். நமக்கென்று அடுப்பு இருந்தது, கையில் பினாங்கில் சம்பாதித்ததும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் போகத்தான் வேண்டும். போகாவிட்டால், 'வண்ணானுக்குத் திமிர் வந்துவிட்டது' என்று பஞ்சாயத்துக் கூடும். சோறு வாங்காதவன் அடிமை இல்லை அல்லவா? அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் உங்களைப் பேசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. மேலத்தெருவில் மூக்கு ஒழுகும் ஒரு பயல் உங்களைப் பார்த்து, "டேய் சின்னா, எங்க வீட்டு வேட்டி எங்கடா?" என்றான். "நாளைக்குக் கொண்டாறேன் சாமி" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"பினாங்குல துரை வீட்டு வாசல்ல நின்னு, 'மழை, துணி அடுத்த வாரம்தான்'னு சொன்ன ஆளு நீங்கதானா? இல்ல அந்த ஆளு கப்பல்லயே தங்கிட்டாரா?"

நீங்கள் வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளினீர்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "முதுகெலும்பு இல்லாத ஆளு" என்றேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் நீங்கள் சொல்வது மட்டும் காதில் விழும். பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டீர்கள். அந்த நாலு நாளிலும் நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. என்ன வீம்பு அது? இப்போது நினைத்தாலும் புரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் கப்பல் ஏறுவதென்று முடிவு செய்தேன். அம்மாவையும் கூப்பிட்டேன்.

"நீ போ. நான் வரல" என்றாள்.

"இங்க என்ன இருக்கு உனக்கு? அந்தச் சட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொல்லை கொல்லையா நிக்க வெக்கமா இல்லையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் தனியாக வந்தேன்.

நான் வந்தது எப்படிப்பட்ட காலத்தில் தெரியுமா? ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து நம் சனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் பால் வெட்டிய கைகளைப் பிழிந்த துணி மாதிரி மூட்டை கட்டி அனுப்பினார்கள். வேண்டும்போது ஆள் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், வேண்டாதபோது பேர் வாசித்து ஏற்றினார்கள். எனக்கு எதிரே துறைமுகத்தில் அந்த வரிசை நின்றது. ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "தம்பி, எல்லாரும் போறோம், நீ எங்க வர்றே?" என்றார். "ஊருக்கு வர்றேன் தாத்தா" என்றேன். அவர் நான் ஏதோ கேலி பேசுவதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பினாங்கைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயும் நம்மவர் கடைகளில் நுழைந்தால், "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? "வண்ணாந்துறை, உடைஞ்ச கல்லு" என்று சொல்கிறேன். அதற்கு மேல் கேட்பதில்லை. கடலைத் தாண்டும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இதை மட்டும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

வந்த மூன்றாவது வாரம், மெக்கலிஸ்டர் ரோட்டில் ஒரு வீட்டுக்குத் துணி கொண்டுபோகச் சொன்னார் காத்தான் மாமா. நீங்கள் துவைத்துக் கொடுத்த அதே நோன்யாவின் வீடு. சீன முதலாளியின் மனைவி. முன்வாசல் திறந்திருந்தது. நான் மூட்டையோடு சுவரோரமாக நடந்து, சாக்கடையைத் தாண்டி, பின்பக்கம் போய்ச் சமையலறைக் கதவுக்கு நாலு முழம் தள்ளி நின்று குரல் கொடுத்தேன். நோன்யா மீன் பொரிக்கிற கரண்டியோடு வெளியே வந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு நீ? பின்பக்கம் என்ன வேலை? கோழி திருட வந்தியா?" என்று மலாயில் கத்தினாள்.

"தோபி. பழைய தோபி சின்னானோட மகன்."

மேலும் கீழும் பார்த்தாள். "சின்னான் முன்வாசல்ல வருவான். நாற்காலியில உக்காந்து காப்பி குடிப்பான். பட்டன் அறுந்துபோச்சுன்னு நான் கேட்டா, 'உன் புருசன் தொப்பை பெருத்துப்போச்சு, பட்டன் என்ன பண்ணும்'னு என்னையே கோவிச்சுக்குவான். நீ அவன் மகனா? பொய் சொல்லாதே லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். சிரித்துக்கொண்டே குனிந்தேன். என் துண்டு இடுப்பில் கட்டியிருந்தது.

எப்போது எடுத்தேன் அப்பா? வாசலிலா? சாக்கடையைத் தாண்டும்போதா? எனக்கு ஞாபகமே இல்லை. அங்கே எந்த மேலத்தெருக்காரனும் நிற்கவில்லை. யாரும் அதட்டவில்லை. கரண்டியோடு ஒரு சீனப் பொம்பளை. அவளுக்கு என் துண்டு தோளில் இருந்தால் என்ன, தலையில் இருந்தால் என்ன? நான் வளையாதவன் என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும்தான் வளையாமல் இருந்திருக்கிறது.

உங்களுக்காவது எதிரே ஓர் ஆள் நின்றான்.

நோன்யா என்னை முன்பக்கமாக வரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். துறைக்குத் திரும்பியதும் காத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பத்து வருசமா இறங்கிக் கிடந்த துண்டு ஒரே நாள்ல ஏறிருமா? வாடா, வெயில் போகுது, துணியைத் திருப்பிப் போடு" என்றார். அவ்வளவுதான்.

இதற்கிடையே அம்மாவுக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். வா, வா என்று மூன்று கடிதம். நம் ஊரில் கடிதம் படிப்பதும் பதில் எழுதுவதும் தபால் பெட்டி வைத்திருக்கும் மேலத்தெரு ஆள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் என்ன எழுதினாலும் அது முதலில் அவன் கண்ணில் படும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். மூன்றாவது கடிதத்துக்கு அவன் கையெழுத்தில் அம்மாவின் பதில் வந்தது.

'உன் தகப்பனாரைப் பேசிய வாயால் என்னையும் பேசிவிட்டுப் போனாய். இங்கே ஊரார் பேசுவதைத் தாங்கிக்கொள்வேன். அங்கே வந்து நீ பேசினால் தாங்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.'

இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன பதில் எழுதுவது? நோன்யா வீட்டில் நடந்ததை எழுதினால், படிக்கிறவன் தொடையில் தட்டிச் சிரிப்பான். 'பார்த்தீர்களா, கடல் கடந்தும் பயல் நம்மை மறக்கவில்லை' என்று சொல்லித் திரிவான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மன்னிப்பு என்று எழுதலாமென்றால், அவன் குரலில் அது அவளுக்குக் கேட்கும். கடைசியில் ஒரே வரி எழுதினேன்.

'அம்மா, என் கையும் துண்டை எடுத்தது.'

படித்தவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. குளிக்கப் போன கதை என்று நினைத்திருப்பான்.

ஒரு மாதம் பதில் இல்லை. இரண்டு மாதமாயிற்று. அவள் வரமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் ஊர்க்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்தது: அம்மா கப்பல் ஏறிவிட்டாள்.

கப்பலில் வருகிறவர்களுக்கு அம்மை, காலரா ஏதும் இல்லையா என்று பார்த்து அனுப்பும் ஜெராஜா தீவில் ஒரு வாரம் இருந்துவிட்டு, படகில் வந்து இறங்கினாள். நான் படித்துறையில் நின்றேன். இளைத்துப்போயிருந்தாள். கையில் ஒரு மூட்டை. என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவளே மூட்டையை என் கையில் திணித்துவிட்டுக் கேட்டாள்:

"எந்த வீட்டு வாசல்லடா?"

"மெக்கலிஸ்டர் ரோடு, நோன்யா வீட்டுல."

"யாரு, அந்த மீன் பொரிக்கிறவளா? அவளுக்காடா துண்டை எடுத்தே?"

அம்மா சிரித்தாள். படித்துறையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான். அவள் எழுந்தபோது நான், "அப்பாவைப் பேசினது தப்பும்மா" என்றேன். "அதை அவருகிட்ட சொல்லு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூட்டையில் இரண்டு சேலை, உங்கள் செருப்பு. வார் ஒன்றை எலி தின்றிருக்கிறது. போட முடியாது. காத்தான் மாமா வேறு வார் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் சொல்வது எதுவும் நடந்ததில்லை. சட்டியைக் கேட்டேன். "அந்தத் தபால்காரன் வீட்டுக் கொல்லையிலயே கவுத்து வச்சிட்டு வந்துட்டேன். நாளைக்கு யாரு வருவான்னு அவனே பாத்துக்கட்டும்" என்றாள்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது அப்பா. அந்த ஊர் மேல் உள்ளது போகவில்லை. போகவும் விடமாட்டேன். என் கையைத் தொடாமலே என் துண்டை எடுக்கவைத்தவர்கள் அவர்கள்.

மற்றபடி நன்றாக இருக்கிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்கிறாள் அம்மா. எனக்குச் சாமியிடம் பெரிதாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கூடப் போவேன். நேற்றுச் சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் எழுந்தாள். வெளிச்சம் மங்கும் நேரம், ஊரில் சோற்றுக்குப் போகும் நேரம். அவள் கை தானாகச் சுவரோரம் போய் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. உலை கொதிக்குது."

"அரிசி களைஞ்சியா?"

"களைஞ்சேன்."

"கல்லு பொறுக்கினியா?"

நான் உலை மூடியைத் திறந்து பார்த்தேன்.

"பொறுக்கியிருக்க மாட்டே. தள்ளு, நான் பாக்கிறேன்."

நாளைக்கு நோன்யா வீட்டுக்குத் துணி போகிறது. அம்மாவையும் கூட்டிப் போகிறேன், முன்வாசல் வழியாக. போகிற வழியில் என் கை தோளுக்குப் போனாலும் போகும். போனால் துண்டை மறுபடி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். எத்தனை தரம் இறங்கினாலும் அத்தனை தரம் போட்டுக்கொள்வேன். ஆனால் உங்களைத் திட்டிய மாதிரி அந்தக் கையைத் திட்டமாட்டேன். அம்மாவின் கையையும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உடைந்த மூலையோடு உங்கள் கல்லிலேயே துவைக்கும்,
சின்னான் மகன் செல்லையா