பிரவீணாவுக்கு ஒரு வாரம் மெக்சிகோ சாப்பாடு

19 ஜனவரி 2025, ஞாயிறு

வசமாக மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது நிறைமதிதான் ஆரம்பித்தாள். "அப்பா, துபாய்ல நீங்க செய்யற மெக்சிகோ சாப்பாட்ட எங்களுக்கும் செஞ்சு குடுங்களேன்." பத்து வயசுப் பிள்ளை கேட்டது, ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதற்குள் பிரவீணா பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க, இந்த வாரம் பூரா ராத்திரி சாப்பாடு உங்க பொறுப்பு. நான் லேப்லேருந்து வூட்டுக்கு வரவே ஏழாயிடுது. ஒன்பது வருசமா ஊருக்கெல்லாம் சமைக்கிறீங்க. எங்களுக்கு ஒரு வாரம் சமைக்க மாட்டீங்களா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

துபாய் ரெஸ்டாரண்டில் நான் அடுப்புப் பக்கமே போனதில்லை. பாரில் நிற்கிறேன். டக்கீலா என்கிற மெக்சிகோ சாராயத்தை அளந்து, கலந்து, உப்பு தடவிய கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. ஊரில் இந்த நோட்டுக்கு மட்டும்தான் அது தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் பிரவீணா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குடிப்பீங்களா?" இல்லை என்றேன். அது இன்றுவரை உண்மை. உள்ளூர் ஓட்டலில் அப்போது நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் துபாய் போனேன். முதல் மாதமே பாருக்கு மாற்றினார்கள். போனில் கேட்டாள், என்ன வேலை என்று. "சமையல்" என்று வாயில் வந்துவிட்டது. அவள் பத்தாவது படிக்கும்போது குடித்தே செத்தவர் அவள் அப்பா. அவளிடம் எப்படிச் சொல்ல?

போன லீவுகளில் எல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று தப்பித்துவிட்டேன். இந்தத் தடவை வழியில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பார் சூப்பர்வைசராக உயர்த்தியிருக்கிறார்கள், குடும்ப விசாவும் தருகிறார்கள். அவள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. முதல் வரியிலேயே என் வேலை போட்டிருக்கிறது. 27ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் சைபுல்லா பாய்க்குப் போன் போட்டேன். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். எங்கள் ரெஸ்டாரண்டின் நிஜமான சமையல்காரர் அவர்தான். பாருக்கு ஆறடி தள்ளி நின்று ஒன்பது வருசமாக வேலை பார்க்கிறார், ஒரு பாட்டிலைத் தொட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எல்லாமே அரை மணியில் முடிகிற ஐட்டம்தான் என்றார்.

திங்கள் மக்காச்சோள ரொட்டி, ராஜ்மா மசியல். கடையில் அதோடு குடிக்க மார்கரிட்டா காக்டெயில் போகும். செவ்வாய் கோழிக்கறி வைத்துச் சுருட்டின சப்பாத்தி, சின்ன வெங்காயமும் தக்காளியும் பச்சையாக அரிந்து எலுமிச்சை பிழிந்தது. அதற்கு பலோமா. புதன் தக்காளிச் சோறு மாதிரி ஒன்று. வியாழன் இரண்டு சப்பாத்திக்கு நடுவில் சீஸ் வைத்துச் சுடுவது. வெள்ளி மீன். அதற்கு டக்கீலா சன்ரைஸ்.

பாருங்கள், எனக்குச் சாப்பாடே கிளாஸை வைத்துத்தான் ஞாபகம் வருகிறது.

போனை வைக்கும்போது பாய் சொன்னார்: "ரொட்டி இன்ஷா அல்லாஹ் வந்துரும் செல்வன். உள்ளதைச் சொல்றது எப்ப?"

20 ஜனவரி, திங்கள்

மாவு அரைக்கப் போனால் மில்காரர் கேட்கிறார், "மாட்டுக்கா சார், கோழிக்கா?" எங்களுக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி நாலு பக்கமும் மக்காச்சோளம் விளைகிற பெரம்பலூரில் அதை ரொட்டி சுட யாரும் கொண்டுவருவதில்லை போல.

ரொட்டி வரவில்லை. எடுக்க எடுக்கப் பிய்ந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு பாய்க்குப் போன் செய்தேன். "வெந்நீர் ஊத்திப் பிசைங்க. எண்ணெய் கவரை ரெண்டா கிழிச்சு நடுவுல வச்சு, தட்டப் போட்டு அமுக்குங்க." வந்தது! எட்டு ரொட்டி. வட்டமாக இல்லை, ஆனாலும் ரொட்டி.

பிரவீணா நாலு சாப்பிட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். சந்தோஷப்பட முடியவில்லை.

21 ஜனவரி, செவ்வாய்

கோழி தீய்ந்தது. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் காப்பாற்றியது. நிறைமதி மூன்று சுருள் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும் என்கிறாள்.

22 ஜனவரி, புதன்

சோறு. பரவாயில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவளுக்குத் தலைவலி. சொல்லவில்லை. நிஜமாகவே தலைவலிக்காகத்தான் சொல்லாமல் விட்டேனா?

23 ஜனவரி, வியாழன்

பக்கத்து வீட்டு வேம்பு அக்காவிடம் பிரவீணா பேசுவது காதில் விழுந்தது. "எங்க வூட்டுக்காரரு சமையல்ல கில்லாடிக்கா. சொன்னா நம்ப மாட்டீங்க." குரலில் அவ்வளவு பெருமை. 

25 ஜனவரி, சனி காலை

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பிரவீணா ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். மீன் ஊறிக்கொண்டிருந்தது. நிறைமதி குடிக்க ஏதாவது கேட்டாள். ஆரஞ்சு ஜூஸும் ரோஸ் சர்பத்தும் இருந்தன. டக்கீலா இல்லாத சன்ரைஸ் ஒன்று போட்டுக் கொடுக்கலாமே என்று ஆசை வந்தது. அவ்வளவுதான். வேறு நினைப்பே இல்லை.

ஊறுகாய் பாட்டிலில் ஐஸும் ஜூஸும் போட்டு மூடி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன். மூன்று கிளாஸ், வரிசையாக. பேச்சு நிறைமதியோடு, கண்ணும் அவள் மேல்தான். கை அதுபாட்டுக்கு ஊற்றியது. கரண்டியின் முதுகில் சர்பத்தை விட்டேன், சிவப்பு அடியில் போய் உட்கார்ந்தது. நிறைமதி கை தட்டினாள்.

திரும்பினால் பிரவீணா மூன்று கிளாஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றிலும் ஒரே மட்டம். ஒரு நூல் கூடக் குறையவில்லை.

"வாரம் பூரா வெங்காயம் அரிய எவ்வளவு தடுமாறுனீங்க" என்றாள் மெதுவாக. "இதுக்கு மட்டும் கை தானா போவுது. என்ன வேலைங்க பாக்கறீங்க?"

நிறைமதியை வேம்பு அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கப்பாவுக்கு ஊத்திக் குடுத்தவரும் நல்லவருதாங்க" என்றாள். "நான் கூப்புட போனா எனக்கு உக்கார எடம் போட்டு, கடலை குடுப்பாரு. குடுத்துட்டு அப்பாவுக்கு இன்னொன்னு ஊத்துவாரு."



மீனை நான்தான் பொரித்தேன். அவள் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்று. வெட்கமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். ஒன்பது வருசத்தில் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

25 சாயங்காலம்

பிரவீணா காபி மட்டும் வைத்துவிட்டுப் போனாள். நான் போட்ட திட்டத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை ரொட்டியையே மறுபடி சுட்டேன். இரண்டு சாப்பிட்டாள்.

26 ஜனவரி, ஞாயிறு

நிறைமதி கொடியேற்றத்துக்குப் போயிருந்தாள். பிரவீணா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"போதும்னு எப்பவாவது யாரையாவது நிறுத்தியிருக்கீங்களா?"

"நிறுத்தியிருக்கேன். தண்ணி குடுத்து, டாக்ஸி கூப்புட்டு அனுப்பிருக்கேன். வியாழக்கிழமை வர்ற ஒருத்தருக்கு மூணாவதா வெறும் எலுமிச்சை சோடாதான் குடுப்பேன். அவருக்கும் அது தெரியும்."

"எல்லாரையுமா?"

"இல்ல. எல்லாரையும் இல்ல."

கடைசித் தண்டையும் கிள்ளிப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "எல்லாரையும்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன்." கொஞ்சம் கழித்து, "வேலை எனக்குப் புடிக்கலைங்க. இனிமேலும் புடிக்காது. ஆனா ஒன்பது வருசம் நீங்க தனியா இத மறைச்சுக்கிட்டு திரிஞ்சிருக்கீங்க பாருங்க, அதான் இன்னும் கோவமா வருது."

அழுதேன். அவளும்தான்.

27 ஜனவரி, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டாள். "இது வர்றேன்னு அர்த்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள். அனுப்பிவிட்டேன். சைபுல்லா பாய்க்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஆண்டிமடத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் வந்தோம். அத்தையிடம் பிரவீணாவே சொல்கிறேன் என்றாள். வேண்டாம், நீங்கள் வாயே திறக்காதீர்கள் என்றும் சொன்னாள். அத்தை கலியம்மாள் வாசலில் முந்திரி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் சொன்னது அத்தனையையும் கேட்டுக்கொண்டே கொட்டைகளைக் கையால் பரப்பினார்கள். எங்கள் இரண்டு பேரைவிடவும் குடியால் பட்டவர்கள் அவர்கள்தான். 

"மாப்ள" என்றார்கள் கடைசியில், நிமிராமலே. "அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் நிக்கணும்?"

"பத்து மணி நேரம் அத்தை."

"உக்காரவே முடியாதா?"

"முடியாது."

"கால் வீங்கிடுமே" என்றார்கள். எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பிரவீணா கேட்டாள், துபாயில் ஏப்ரல், மே மாதம் வெயில் ரொம்ப இருக்குமா, நிறைமதிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று. எந்த நேரம் வெளியே போகலாம், எந்த நேரம் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பதில் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், ஜெயங்கொண்டம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். அரியலூர் வரும்வரை நான் அசையவில்லை.