சனிக்கிழமைக்கு ஓர் ஆள்

செப்டம்பர் 15, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. வீட்டுக்காரருக்குக் கட்டச் சாரம் இல்லை, எல்லாம் ஈரம். என் பழைய பாவாடையைக் கட்டிவிட்டேன், கண்டுகொள்ளவில்லை. சட்டைப்பையில் மூன்று பேனா மட்டும் இருக்க வேண்டும். நீலம், கறுப்பு, சிவப்பு. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த காலத்துப் பழக்கம். பெண்டாட்டியின் பெயர் மாதக்கணக்கில் வாயில் வருவதில்லை. பேனாவை மட்டும் மறக்கவில்லை மனுஷன்.

பிலோமினா போன் பண்ணினாள். கொன்வென்டில் என் வகுப்புக்காரி, இப்போது பழைய மாணவிகள் சங்கத்துச் செயலாளர். சனிக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் விழா. வாழ்நாள் சேவைக்காக நாலு பேருக்குக் கௌரவம், அதில் நானும் ஒருத்தி. வெள்ளைச் சேலை, நெஞ்சில் படித்த காலத்து விளையாட்டு இல்லத்து ரிபன். எங்கள் பள்ளி வழக்கப்படி மேடையில் வகுப்பில் மாதிரி இடாப்புக் கூப்பிடுவார்கள், கல்யாணத்துக்கு முந்திய பெயரைச் சொல்லி. எழுந்து நின்று "பிரசன்ட், சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு கிழவி அதைச் சொன்னபோது மண்டபமே அழுதது. நான் சிரித்துவிட்டேன். இந்த வருஷம் என் முறை.

என்ன பெரிய சேவை. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் தோட்டத்துச் சனங்களோடு நின்றது. டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வேன், இவர்கள் தமிழில் அழுவதைச் சிங்களத்தில் சொல்வேன். படிப்பித்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பென்ஷன் வந்த பிறகு நாள் முழுக்க. என் நம்பர் அங்கே எல்லோரிடமும் இருக்கிறது. தமிழ் ஆள் வந்து பேச்சு விளங்காவிட்டால் எனக்குப் போன் அடிப்பார்கள். இவருக்கு மறதி முற்றியதிலிருந்து போகவில்லை. போனில் மட்டும் பேசுகிறேன்.

சனிக்கிழமை காலை இவரோடு யார் இருப்பது? அதுதான் இப்போது கேள்வி.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில், பிறகு மழை. செய்ய வேண்டியவை: வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி. ரிபன் தேட. இவருக்கு மாத்திரை.

பக்கத்து வீட்டு நஸீமாவிடம் கேட்டேன். அவள் புருஷனுக்கு இரத்தம் சுத்தம் பண்ணத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு தடவையும் கூடப் போனவள் நான். வாயைத் திறந்து கேட்டதே பெரிய விஷயம், எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

"சனிக்கிழமயா? ஏலா டீச்சர். கம்பளைல கலியாணம் ஒண்டு ஈக்கி."

சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா? யாருடைய கல்யாணம் என்று கேட்டதற்கு, சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சரி, கல்யாணம் என்றால் கல்யாணம்தான்.

மத்தியானம் இவர் வாசல் கேட்டடியில் நின்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் போகிறவர்களை எல்லாம் மறித்து, "எங்க வீட்டுக்காரிய பாத்தீங்களா" என்று கேட்டார். நான் பின்னாலேயே நிற்கிறேன். நான்தாங்க ரீட்டா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நர்ஸு," என்றார், மரியாதையாக. ஒரு நர்ஸுக்குக் கொடுக்கிற மரியாதையை இத்தனை வருஷத்தில் எனக்குக் கொடுத்ததில்லை.

குசினியில் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பருப்பு கரிந்துவிட்டது.

செப்டம்பர் 17, புதன்

ஹேவாஹெட்டை சாந்திக்குப் போன் பண்ணினேன். அவள் மகளுக்கு இருதய ஒபரேஷன் நடந்தபோது தாயும் மகளும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். இவர் அப்போது நல்ல சுகம், பிள்ளைக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுப்பார். சாந்தி வந்தால் இவருக்கும் முகம் தெரியும் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் வேலையாம். தொரை லீவு தரமாட்டாராம். சொல்லும்போது பின்னால் யாரோ அடக்கிச் சிரிக்கிற சத்தம். "கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்று மூன்று தரம் சொன்னாள். கோபமில்லை என்றேன். பொய். உடம்பெல்லாம் எரிந்தது.

பிலோவுக்குப் போன் எடுத்து, நான் வரவில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன்.

"ரீட்டா, நீ வராம மட்டும் விட்றாத. கெஞ்சிக் கேக்குறேன். ஒனக்காகத்தான் எல்லாம் செஞ்சு வச்சிருக்கு."

இவரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். பிஷப் ஆண்டவர் வருகிறார், அவருக்கு முன்னால் ஏதும் ஆகிவிட்டால் என்று இழுத்தாள். நியாயம்தான். போன மாதம் ஞாயிறு பூசையில் நற்கருணை நேரம் இவர் எழுந்து நின்று பெரட்டுக் கூப்பிடத் தொடங்கிவிட்டார், தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிற மாதிரி. "காளியம்மா! பெரியசாமி! ஏன் லேட்டு?" கோவில் முழுக்கத் திரும்பியது. கையைப் பிடித்த உபதேசியாருக்கு ஓர் அறை. கூட்டத்தைக் கண்டால் பயம், பயந்தால் அடி. அதிலிருந்து நாங்கள் பூசைக்குப் போகவில்லை.

கடைசியில் பிலோ சொன்னது காதிலேயே நிற்கிறது. "இத்தனை பேருக்குச் செஞ்சவ நீ. ஒனக்கு ஒருத்தர் வந்து இருக்க மாட்டாங்களா?"

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை இல்லை. சேலைக்குக் கஞ்சி போட்டாயிற்று. ரிபன் கிடைத்தது, அந்துப்பூச்சி ஓர் ஓரத்தைத் தின்றிருக்கிறது.

சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற செல்வத்திடம் கேட்டேன். அவன் அம்மா வார்டில் கிடந்தபோது டாக்டரோடு எனக்கு நடந்த சண்டை அவனுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை நுவரெலியாவுக்கு ஹயர் ஓட்டமாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். பக்கத்து த்ரீவீல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் எனக்கு முகம் கொடுக்காமல் திரிகிறார்கள். என்ன செய்துவிட்டேன்? இவருக்கு வந்தது ஒட்டுகிற வியாதியா?

மகன் இத்தாலியிலிருந்து போன் எடுத்தான். "மம்மி, வீடியோ அனுப்புங்க, எல்லாருக்கும் காட்டணும்." அப்பாவோடு யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அங்கிருந்து என்ன செய்வான், கவலைப்படுவான்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். எனக்குப் போக ஆசை. சேவைக்குப் பாராட்டு எதற்கு என்று ஊருக்கெல்லாம் பெரிய வாய் பேசினவள்தான். ஆனால் என் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிட வேண்டும். நான் இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நான் நர்ஸ், வேலைக்காரி, சில நாள் செத்துப்போன மாமியார். ஒரு காலை நேரம் ரீட்டாவாக இருக்கக் கூடாதா?

அந்தோனியாருக்கு மெழுகுதிரி. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் நீர், எனக்கு ஓர் ஆளைத் தேடித் தாரும் என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆள் இல்லை. கோவில் பங்கில் கேட்ட இரண்டு பேரும் விழாவுக்கு வருகிறவர்கள். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்துத் தலையிடி.

ஒரு சோதனை செய்தேன். முன் கதவை வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். டீவிக்கு முன்னால் அப்படியே இருந்தார், நான் போனதே தெரியவில்லை. பின் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். அதைத் திறக்க இவருக்கு மறந்து எவ்வளவோ காலம். மூடின கதவைக் கண்டால் முன்னால் போய் நிற்பார், யாராவது திறக்கும்வரை. குளியலறையில் கூட அப்படித்தான்.

பூட்டிவிட்டுப் போகப்போகிறேன். இதை வேறு ஒருத்தி செய்திருந்தால் அவளைக் கிழித்திருப்பேன்.

செப்டம்பர் 20, சனி, காலை

பனி. காஸ் கழற்றிவிட்டேன். கத்தி, மாத்திரை அலுமாரிக்குள். இடியப்பம், சொதி மூடி மேசையில். டீவியில் கிரிக்கெட். நீலச் சட்டை, பேனா மூன்றும் இருக்கிறது. சேலை கட்டி வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "பூசைக்கா?" என்றார். ஆமா என்றேன். "சரி, போய்ட்டு வாங்க."

இனிப் பூட்ட வேண்டியதுதான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன்.

அதே நாள், பின்னேரம்

இவரைக் காணவில்லை.

வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், திரும்பி வந்தால் ஆள் வேண்டுமாம். எல்லோரும் தேடப் போய்விட்டார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும், எழுதுகிறேன். எழுத்து கோணல்.

மேடை. சிஸ்டர் இடாப்பைப் பிரித்து "ரீட்டா மரியநாயகம்" என்றார். எழுந்து "பிரசன்ட், சிஸ்டர்" என்றேன். சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அப்போது மண்டபத்தின் பின் கதவு திறந்தது. நஸீமா, அவள் புருஷன். சாந்தி, பெரிய பிள்ளையாகிவிட்ட அவள் மகள், ஹேவாஹெட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய சனம். செல்வம் கையில் பூச்செண்டு. ஏலாது என்று சொன்ன அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டு வருகிறார்கள். பிலோ ஒரு மாதமாக இரகசியமாக ஏற்பாடு செய்ததாம். நான் அறியக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

பொன்னாடை தோளில் விழுந்துகொண்டிருக்க, பிலோவின் காதில் சொன்னேன், அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று. அவள் முகம் வெளுத்தது. நஸீமா தலையில் கையை வைத்தாள். "அல்லாவே. வேற யாரும் ஈப்பாங்கண்டு நெனச்சேனே டீச்சர்." சாந்தியும் அதையே சொன்னாள், செல்வமும். என்னைப் போல ஒருத்திக்கு ஆளா கிடைக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

செல்வத்தின் த்ரீவீலில் வந்தோம். முன் பூட்டு பூட்டினபடி. பின் கதவு அகலத் திறந்திருந்தது. தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார். இடியப்பம் தொடவில்லை. ஒரு செருப்பு குசினிப் படியில்.

இந்த ரோட்டில் இவரைக் கண்டால் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவர்கள் இரண்டே பேர். பக்கத்து வீட்டு நஸீமா, சந்தியில் செல்வம். இரண்டு பேரும் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொலிசில் சொல்லியாயிற்று. தோட்டத்துச் சனம் பாலத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில். மலையில் பெய்த மழைக்கு மகாவலி மண் நிறம். சாந்தியின் மகள் "ஐயா, ஐயா" என்று கூப்பிடுவது இங்கே கேட்கிறது. அந்தச் சத்தம் நின்றால் பயம், கேட்டாலும் பயம்.

இவருக்குச் சிங்களமும் போய்விட்டது. யாரிடம் என்ன சொல்லி வழி கேட்பார்.

அந்தோனியாரே, விழா வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நான் கேட்ட எதுவும் வேண்டாம்.

போன் அடிக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில். சாரம் எல்லாம் காய்ந்துவிட்டது. நேற்று எழுதி நிறுத்தின இடத்திலிருந்து தொடர்கிறேன்.

போனில் பெரியாஸ்பத்திரி அட்டெண்டன்ட். மாற்றலாகி வந்தவர், முகம் தெரியாது. சிங்களத்தில் சொன்னார்: ஒரு தமிழ் ஐயா வந்திருக்கிறார், என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, டீச்சர் கொஞ்சம் வந்தால் நல்லது. எப்போதும் வருகிற போன்தான். இன்றைக்கு ஏலாது, என் வீட்டுக்காரரைக் காணவில்லை என்றேன். வைக்கப் போனேன், உண்மையாகவே வைக்கப் போனேன். பிறகுதான் கேட்டேன், அவர் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று.

பேனா என்றார். மூன்று.

செல்வம் எப்படி ஓட்டினான் என்று தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் கிளினிக் கிடையாது, வராந்தாவில் ஆளில்லாத வாங்குகள். ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பில்லை, பாதத்தில் காயம். எந்த பஸ்ஸில் ஏறினார், யார் இறக்கிவிட்டார்கள், தெரியாது. தன் முறைக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"தமிழ் பேசுற டீச்சரு நீங்கதானே? ஒங்ககிட்ட சொன்னா செஞ்சு குடுப்பீங்கன்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்க முடிந்தது. சொல்லுங்க ஐயா, என்ன வேணும்?

"என் வீட்டுக்காரிய காணோம். காலையில வெள்ள சீல கட்டிக்கிட்டு போனா. பேரு ரீட்டா."

சிவப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார், எழுதிக்கொள்ளட்டும் என்று. அந்தச் சேலையோடு, நெஞ்சில் ரிபனோடு அவர் முன்னால் இருக்கிறேன். காலையில் மண்டபம் நிறைய ஆட்களுக்குச் சொன்ன "பிரசன்ட்" இங்கே வாயில் வரவில்லை. தேடுவோம் என்றேன். பேனாவை வாங்கி என் உள்ளங்கையில் என் பெயரை எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் ஐயா, ஒருவேளை வந்திருப்பார் என்றேன். யோசித்தார்.

"வந்திருப்பா," என்றார். "நான் கதவ பூட்டல. பூட்டிட்டு வந்தா அவ எப்படி உள்ள வருவா?"