சைவக் கிணறு

நல்லூர்,
ஆவணி 1984

அன்புள்ள அம்மாவுக்கும் ஐயாவுக்கும்,

நான் நல்ல சுகம். ஐயாவின் இழுப்புக் குறைந்ததா என்று எழுதுங்கள்.

இங்கே ஊரெல்லாம் நெருப்புக்காய்ச்சல்; தண்ணீரால் பரவும் தைபோயிட்டாம். அதற்காகத் திருவிழாவை விடுகிறோமா? கந்தோர் வேலை விட்டதும் கோயில் வீதியில் கடலையும் ஐஸ்கிறீமும் தின்றுகொண்டு திரிகிறோம்.

வீட்டுக்காரக் கமலாவதி அன்ரியின் சுத்தம் சொல்லி முடியாது. கொடியேறிய அன்றே மீன்சட்டியை வீட்டுப் பின்கோடிக்குள் கவிழ்த்துவிட்டார். நான் கடையில் முட்டை தின்றாலும் தலை முழுகாமல் உள்ளே விடமாட்டார். கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவரையும் வாசல் படலையிலேயே மறித்தார்.

"திருவிழா முடியட்டும் தம்பி. சாமிக்கு வைக்கிற தண்ணியிலை மருந்து நாறக்கூடாது."

நேற்று நான் அள்ளிய வாளியில் செத்த எலி வந்தது. மயிரெல்லாம் கழன்று, ஊதிப்போய்! அந்தத் தண்ணீரைத்தான் இவ்வளவு நாளும் குடித்தோம். என்னோடு அறையிலிருக்கும் இந்துமலர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அன்ரி எலியைப் பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா?

"ஐயோ, என்ரை விரதம் பிழைச்சுப்போச்சே!"

பிறகு கிணற்றுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். துடக்குப் போய்விட்டதாம். கிணறு இறைப்பது திருவிழா முடிந்த பிறகாம்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, பயப்படாதீர்கள். தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு சின்னக் கேத்தல் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எங்கடை கிணற்றுத் தண்ணீரும் ஒரு போத்தல். இந்துமலரின் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது; அறைக்குள் இருக்கவே பிடிக்கவில்லை.

நிறுத்துகிறேன், அன்ரி சாப்பிடக் கூப்பிடுகிறார். இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் ரசம்.

உங்கள் மகள்,
நவமணி